உறையாத பால், உடைந்த சிலம்பு

பள்ளங்கியில் மார்கழி மாதம் பால் லேசில் உறையாது. ராத்திரி உறை ஊற்றி வைத்தால் விடிந்த பிறகும் பாலாகவே நிற்கும். பாத்திரத்துக்குக் கம்பளியைச் சுற்றி அடுப்படி ஓரமாக வைத்தால், மதியத்துக்குள் தயிர் என்று சொல்லும்படி ஏதோ ஒன்று கிடைக்கும். கொடைக்கானல் மலையில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த சங்கதி இது.

பத்தாம் வகுப்பில் சிலப்பதிகாரக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆய்ச்சியர் குரவை வந்தது. "மதுரைக்கு வெளியே ஆயர் குடியிருப்பு. மாதரி வீட்டில் குடத்துப் பால் உறையவில்லை, உறியில் இருந்த வெண்ணெய் உருகவில்லை. ஏதோ கேடு வரப்போகுது என்று மாதரி பயந்தாள்" என்றேன். வகுப்பே சிரித்துவிட்டது.

"அப்படின்னா எங்க வீட்டுல டிசம்பர் பூரா கேடுதான், தமிழம்மா" என்றான் கடைசி பெஞ்சில் ஒருவன்.

நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு வழி காட்டியது அந்தச் சிரிப்புதான்.

இந்த வயதில் இவர்களுக்கு இரண்டு விஷயம் பிடிபட வேண்டும். ஒரு துன்பியல் கதை எப்படி நடக்கிறது என்பது ஒன்று. ஒரு பேச்சு, கேட்கிறவர் மனதை எப்படிப் புரட்டிப் போடுகிறது என்பது மற்றொன்று. கலைச்சொற்களில் தொடங்கினால் நோட்டில் ஏறும், மண்டையில் ஏறாது. அடுப்படியில் தொடங்கினால் கதையே வேறு. அம்மாவும் அப்பாவும் பூண்டு எடுக்கக் காட்டுக்குப் போகும் நாளில் தம்பி தங்கைக்குச் சோறு வடித்துப் போடுகிற பிள்ளைகள் இவர்கள். இவர்களுக்குச் சமையல் தெரியும். கண்ணகிக்கும் தெரியும்.

கடைசிச் சாப்பாடு

சிலப்பதிகாரத்தில் 3 காண்டம், 30 காதை. நான் வகுப்பில் நிதானமாக நடத்துவது இரண்டைத்தான்: 16ஆவதான கொலைக்களக் காதை, 20ஆவதான வழக்குரை காதை. மற்றதைக் கதையாகச் சொல்லிவிடுவேன். புகாரில் பிறந்த வணிகர் வீட்டுப் பிள்ளை கோவலன், ஆடல் மகள் மாதவியிடம் போய்ப் பொருளை எல்லாம் இழந்து திரும்புகிறான். மனைவி கண்ணகியின் காற்சிலம்பில் ஒன்றை விற்று முதல் தேடலாம் என்று இருவரும் மதுரைக்கு நடக்கிறார்கள். கவுந்தியடிகள் என்ற பெண் துறவி துணைக்கு வருகிறார். மாதரி வீட்டில் அடைக்கலம்.

கொலைக்களம் என்று பெயர் வைத்த காதையில் இளங்கோவடிகள் முதலில் காட்டுவது ஒரு சமையல். மாதரி நெல்லரிசியும், பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காயும், மாம்பழம், வாழைப்பழம், பால் மோரும் கொண்டுவந்து கொடுக்கிறாள். செல்வ வீட்டில் வளர்ந்த கண்ணகி அரிவாளில் காய் நறுக்குகிறாள். மெல்லிய விரல் சிவந்துபோகிறது. வைக்கோல் தீயில் சமைக்கிறாள்; முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. பனையோலைத் தவிசு போட்டு, வாழைக் குருத்து விரித்துக் கணவனுக்குப் பரிமாறுகிறாள். அவன் சாப்பிட்டு எழுந்து, ஒரு சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறான். திரும்பவில்லை.

"சாப்பாட்டை எதுக்கு இவ்வளவு விலாவாரியா எழுதியிருக்காரு?" என்று கேட்பேன். ஒருத்தி சொன்னாள்: "போறவரு திரும்பமாட்டாருன்னு நமக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது. அதான் வயித்தைப் பெசையுது."

துன்பியலின் முதல் விதியை அவளே சொல்லிவிட்டாள். நமக்குத் தெரிந்ததும் பாத்திரங்களுக்குத் தெரியாததும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். உறையாத பாலின் வேலையும் அதுதான். சிரித்த பையன் அப்போது ஒன்றும் பேசவில்லை.

விசில் வராத குக்கர்

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர, துவரம்பருப்பு லேசில் வேகாது. திறந்த பானையில் எவ்வளவு நேரம் வைத்தாலும் ஆவி போய்க்கொண்டே இருக்கும், சூடு ஏறாது. அதனால் மலைவீட்டில் குக்கர் இல்லாமல் பருப்பு இல்லை. மூடியை மாட்டி, கேஸ்கட் சரியாக உட்கார்ந்து, வெயிட் போட்டால்தான் உள்ளே அழுத்தம் கூடி, சூடு நூறைத் தாண்டும்.

சோகக் கதைக்கும் துன்பியலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். திறந்த பானையில் கொதிப்பது சோகக் கதை. யாரோ செத்தார், யாரோ அழுதார், ஆவியாகப் போய்விட்டது. துன்பியலுக்கு மூடி வேண்டும். போகிற வழி ஒவ்வொன்றாக அடைபட வேண்டும். அடைபடும் ஒவ்வொரு முறையும், "இப்பவாவது யாராவது கேளுங்களேன்" என்று நம் உள்ளம் அடித்துக்கொள்ள வேண்டும்.

கொலைக்களக் காதையில் அந்த வழிகளை எண்ணச் சொல்வேன். முதல் வழி, அரசன். கோவலன் கடைத்தெருவில் சிலம்பைக் காட்டிய பொற்கொல்லன் ஏற்கெனவே அரசியின் சிலம்பைத் திருடியவன். பழியைப் போட ஆள் தேடிக்கொண்டிருந்தவன். கள்வன் அகப்பட்டான் என்று சொல்ல அவன் அரண்மனைக்குப் போகும் நேரம், பாண்டியன் வேறொரு கவலையில் இருக்கிறான். ஆடல் பார்த்தபோது அரசி தலைவலி என்று சொல்லி எழுந்து போயிருக்கிறாள். அது ஊடல் என்று அவனுக்குத் தெரியும். சமாதானம் செய்யப் போகிற அவசரத்தில், சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவாருங்கள் என்று காவலரிடம் சொல்லிவிடுகிறான். கள்வன் யார் என்று விசாரிக்கவில்லை. அரிஸ்டாட்டில் துன்பியலின் நடுவில் வைத்த பிழை இதுதான். கெட்டவன் செய்யும் கொடுமை வேறு. நல்லவனுக்கு வரும் கைப்பிசகு வேறு.

இரண்டாவது வழி, காவலர்கள். கோவலனைப் பார்த்ததும் அவர்களே சந்தேகப்படுகிறார்கள். இவன் லட்சணத்தைப் பார்த்தால் கொல்லத் தகுந்தவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். குக்கரில் விசில் வரப்போகிற நேரம் அது. பொற்கொல்லன் அந்த வெயிட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறான். விரல் என்று நான் சொல்வது அவன் பேச்சை.

மசாலா மட்டும் போட்ட குழம்பு

காவலர்களிடம் பொற்கொல்லன் மூன்று காரியம் செய்கிறான். முதலில் பட்டியல்: கள்வருக்குத் துணை எட்டு. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. எட்டு என்று எண்ணிச் சொன்னால் கேட்பவருக்கு அறிவாளி பேசுவதுபோல் இருக்கும். அடுத்து ஒரு கதை: தூதன் வேடத்தில் வந்த ஒரு கள்வன், தூங்கிக்கொண்டிருந்த இளவரசனின் ஆரத்தைக் கழற்றிக்கொண்டு மாயமாக மறைந்தான் என்று. மூன்றாவது பயம்: இவர்களை நம்பினால் கெட்டோம். பேச்சு முடிந்ததும் காவலரில் ஓர் இளைஞன் தானும் மழை இருட்டில் கள்வனிடம் ஏமாந்த கதையை எடுத்துவிடுகிறான். பயம் ஒட்டிக்கொண்டது. கல்லாத, குடித்த ஒருவன் வாளை வீசுகிறான்.

"இந்தப் பேச்சுல கோவலனைப் பத்தி என்ன இருக்கு?" என்று கேட்டால், பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். ஒன்றும் இருக்காது. கள்வர் பொதுவாக எப்படிப்பட்டவர் என்றுதான் முழுப் பேச்சும். அந்தச் சிலம்பைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

இதுதான் மசாலா மட்டும் போட்ட குழம்பு. மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் வறுத்து அரைத்தாகிவிட்டது. வாசனை தெருவரைக்கும் போகிறது. கரண்டியை விட்டுத் துழாவினால் காய் இல்லை. பசியிலும் அவசரத்திலும் இருப்பவனுக்கு அது தெரியாது. தேர்தல் நேரத்து மைக்கில், வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவில், இந்தக் குழம்பைத் தினம் ஊற்றுகிறார்கள். துழாவிப் பார்க்கும் பழக்கம் பதினைந்து வயதில் வந்துவிட்டால் நல்லது.

பூண்டுக் குழம்பு: கண்ணகி பேசுகிறாள்

மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு 2019இல் கிடைத்தது. அதே ஆண்டு பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. எங்கள் வீடுகளில் பூண்டுக் குழம்பு வைக்கத் தெரியாத ஆள் இல்லை. அதனால் வழக்குரை காதையை அதன் பக்குவத்தில்தான் விளக்குவேன்.

நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு வெடிக்க வேண்டும். வாசலில் தலைவிரி கோலமாக, கையில் ஒற்றைச் சிலம்போடு வந்து நிற்கும் கண்ணகியை உள்ளே விடச் சொல்லி, நீ யார் என்று கேட்கிறான் பாண்டியன். அவள் பதிலின் முதல் சொல்லே கடுகு. ஆராய்ந்து பார்க்காத மன்னன் என்று அவனை அழைக்கிறாள். அவை திடுக்கிட்டுத் திரும்புகிறது. அரசன் செய்த குற்றத்தின் பெயரே அந்த விளியில் இருக்கிறது. அடுத்து வருவதெல்லாம் அதற்கு விளக்கம்தான்.

அடுத்து பூண்டு. தீயைக் குறைத்து, தோல் சுருங்கும்வரை பொறுமையாக வதக்க வேண்டும். புளியை முந்தி ஊற்றிவிட்டால் பூண்டு அதற்கப்புறம் வேகாது, நறுக்கென்று நிற்கும். கண்ணகி முதலில் தன் துக்கத்தைச் சொல்லவில்லை. அவள் முதலில் எடுப்பது இரண்டு சோழர்களை: ஒரு புறாவின் துயர் தீர்த்தவன், கன்றை இழந்த பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவன். அப்படிப்பட்ட புகார்தான் என் ஊர் என்கிறாள். பெருமைக்காகச் சொன்னது மாதிரி தெரியும். அது அளவுகோல். அரசன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவையோடு சேர்த்துப் பாண்டியனையும் முதலில் ஒத்துக்கொள்ள வைத்துவிடுகிறாள். பூண்டு வெந்தாயிற்று.

இப்போது புளி. மாசாத்துவான் மகன், பிழைப்புத் தேடி உன் ஊருக்கு வந்தவன், என் காற்சிலம்பை விற்க வந்தவன், உன்னால் கொலைப்பட்டவன். துக்கம் இப்போதுதான் ஊற்றப்படுகிறது. அதுவும் அளவாக. தன் கண்ணீர் பற்றி அவள் பேச்சில் ஒரு சொல்லும் இல்லை. அவள் கண்ணிலிருந்துதான் வழிகிறது.

பூண்டுக் குழம்பு தயாரா என்று எப்படித் தெரியும்? முதலில் ஊற்றிய எண்ணெய் கடைசியில் பிரிந்து மேலே வந்து நிற்கும். பாண்டியன் முதலில் கேட்டது "நீ யார்?" என்று. அவள் தன் பெயரைச் சொல்வது எல்லாவற்றுக்கும் கடைசியில். பதினைந்து அடிக்குள் அடங்கும் பேச்சு, ஏறக்குறைய ஒரே வாக்கியம், அதன் கடைசியில் மிதந்து வருகிறது கண்ணகி என்ற பெயர். வினை கடைசியில் வரும் மொழி நம்முடையது. கடைசிச் சொல் வரும்வரை கேட்பவரைக் கட்டிப்போட அது இடம் கொடுக்கிறது. பிள்ளைகளைப் பெயரை முதலில் வைத்து அதே செய்தியை எழுதச் சொல்வேன். "இது அப்ளிகேஷன் மாதிரி இருக்கு" என்பார்கள். அவ்வளவுதான் பாடம்.

ருசி பார்க்கும் இடம்

பேச்சு இதோடு ஜெயித்துவிடவில்லை. பாண்டியன் திருப்பிச் சொல்கிறான்: கள்வனைக் கொல்வது கொடுங்கோல் இல்லை, அதுதான் அரச முறை. சரியான வாதம். பலர் இந்த இடத்தில் குரலை உயர்த்துவார்கள், இன்னும் கொஞ்சம் மிளகாய்ப்பொடி போடுவார்கள். கண்ணகி ஒரே ஒரு செய்தி சொல்கிறாள்: என் சிலம்பின் பரல் மாணிக்கம்.

அரசன், எங்களுடையது முத்து என்கிறான். கோவலனிடம் பறித்த சிலம்பைக் கொண்டுவரச் சொல்லி வைக்கிறான். அவள் உடைக்கிறாள். மாணிக்கம் தெறிக்கிறது.

இந்த ஒழுங்கைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். முதலில் அவள் சொன்னாள். பிறகு அவன் சொன்னான். அதற்கப்புறம்தான் உடைத்தார்கள். உடைத்த பிறகு "எங்களுடையதும் மாணிக்கம்தான்" என்று மழுப்ப வழியே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ருசி பார்த்து, எது எந்த வீட்டுக் குழம்பு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பிறகு மூடியைத் திறப்பது மாதிரி. இன்றைய ஆய்வுக்கூடத்திலும் நீதிமன்றத்திலும் இதே ஒழுங்கைத்தான் மதிக்கிறார்கள்.

பாண்டியனையும் விட்டுவிடக் கூடாது. மாணிக்கத்தைப் பார்த்ததும், நானா அரசன், நானே கள்வன் என்று சொல்லி அரியணையிலேயே உயிரை விடுகிறான். எவ்வளவு நல்ல பேச்சும் பாதிச் சமையல்தான். நாக்கு மரத்துப்போனவனிடம் என்ன குழம்பு வைத்து என்ன? திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் (65) கொடுத்த வள்ளுவர், அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு (72, 73) தனியாக எழுதியது சும்மா இல்லை.

எட்டு அறை அஞ்சறைப்பெட்டி

அரிஸ்டாட்டில் பேச்சுக்கு மூன்று பலம் சொன்னார்: பேசுபவரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் நியாயம். கண்ணகியின் ஊரும் குடியும் முதல் பலம், கொலை இரண்டாவது, பரல் மூன்றாவது. பிள்ளைகள் உடனே பொருத்திவிடுவார்கள்.

நம்மிடம் இன்னும் நுணுக்கமான பெட்டி இருக்கிறது. தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு என்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்காகவும் பிரிக்கிறது. அழுகை பிறக்கும் நான்கில் ஒன்று இழவு. வெகுளி பிறக்கும் நான்கில் ஒன்று கொலை. கண்ணகிக்கு இரண்டும் ஒரே நாளில் வந்தன. பொற்கொல்லன் திறந்தது அச்சம் என்ற ஒரே அறையை. அச்சத்தின் நான்கு காரணங்களில் கள்வரும் உண்டு, இறைவனாகிய அரசனும் உண்டு. காவலர்களுக்கு இரண்டு பயத்தையும் சேர்த்தே காட்டினான் அவன்.

பொங்கி வழிந்தால்

மேல் வகுப்பில் ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் படிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லி அனுப்புவேன். 1599 வாக்கில் எழுதப்பட்ட நாடகம். மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி. சீசரைக் கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ் முதலில் உரைநடையில் நியாயம் சொல்கிறான், கூட்டம் கைதட்டுகிறது. அடுத்து ஆண்டனி கவிதையில் பேசுகிறான். கிழிந்த அங்கியைக் காட்டுகிறான், உயிலைக் காட்டுகிறான், உடனே படிக்காமல் இழுத்தடிக்கிறான். அதே கூட்டம் தீப்பந்தத்தோடு கிளம்புகிறது. அடுத்த காட்சியிலேயே சின்னா என்ற கவிஞரை அடித்துக் கொல்கிறது. கொலையில் சம்பந்தப்பட்ட வேறொரு சின்னாவின் பெயர் அவருக்கும் இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

நம் கதையிலும் பேச்சு வென்ற பிறகு ஊர் எரிகிறது. முதியோரையும் குழந்தைகளையும் பத்தினிப் பெண்களையும் பசுக்களையும் விட்டுவிடு என்று தீக்குச் சொல்கிறாள் கண்ணகி. ஆனால் பின்னால் வரும் பாண்டியன் வெற்றிவேற்செழியன், அவளைச் சாந்தப்படுத்த ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டதாகக் காப்பியம் சொல்கிறது. திருடியவன் ஒருவன். சின்னா செத்தது பெயரால்; இவர்கள் செத்தது தொழிலால். மேடைக்காகச் சுருக்கும்போது இந்தப் பகுதியை விட்டுவிடுவார்கள். நான் விடுவதில்லை. குழம்பு எவ்வளவு பக்குவமாக இருந்தாலும், அடுப்பை அணைக்க மறந்தால் வீடு பற்றும்.

குக்கர், குழம்பு உவமை இதோடு நிற்கிறது. பருப்புக்கு வேகலாமா வேண்டாமா என்று யோசிக்கத் தெரியாது. காவலனுக்குத் தெரியும்.

வீட்டுப்பாடம்

மதுரையை விட்டு மேற்கு வாயில் வழியாகப் போன கண்ணகி, மலையேறி, பதினான்காம் நாள் ஒரு வேங்கை மரத்தடியில் நின்றாள். அங்கே அவள் விண்ணேறியதைப் பார்த்தவர்கள் மலைவாழ் குறவர்கள். அவர்கள் கண்டதைச் சேரன் செங்குட்டுவனிடம் சொன்னார்கள், அவன் கேட்டான். தமிழக, கேரள எல்லையில் கூடலூருக்கு மேலே இருக்கும் கண்ணகி கோயிலுக்கு இன்றும் சித்ரா பௌர்ணமி அன்று சனம் ஏறுகிறது. மலைக்காரர்கள் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லாவிட்டால் கதை மதுரைச் சாம்பலோடு முடிந்திருக்கும். இதைச் சொன்னதும் வகுப்பு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

அப்புறம்தான் வீட்டுப்பாடம். "கோவலன் கொலைப்பட வேண்டியவன் இல்லைன்னு சொன்ன காவலர் அதோட வாயை மூடிக்கிட்டாங்க. அவங்க பேசியிருக்க வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தை எழுதிட்டு வாங்க. நீளமா எழுதினா மார்க் இல்லை."

மறுநாள் வந்தவற்றில் பெரும்பாலானவை வசனம். தர்மம், நீதி, செங்கோல், பழைய படத்து நீதிமன்றக் காட்சி மாதிரி. சிலர், அரசரிடம் இன்னொரு தரம் கேட்டுவிட்டு வருவோம் என்று எழுதியிருந்தார்கள். பரவாயில்லை. பால் உறையாததற்குச் சிரித்தவன் கடைசியில் நோட்டை நீட்டினான். பக்கத்தின் நடுவில் நான்கே சொல்.

"அந்தச் சிலம்புக்கு ஜோடி எங்கேப்பா?"

கேட்டிருந்தால், என் மனைவி காலில் இருக்கிறது, ஆயர் சேரியில் மாதரி வீட்டில் இருக்கிறாள், என்று கோவலன் சொல்லியிருப்பான். நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். அவன் சாப்பிட்ட வாழையிலைகூட அதுவரை வாடியிருக்காது.